நாக்பாடாவும் மார்த்தாண்டமும்

துன்புற்றவருக்கு உதவுவது தர்மம் என்பதை நம் முன்னோர் அன்னசத்திரமாகவும் தண்ணீர்ப் பந்தலாகவும் ஆதுலர் சாலையாகவும் நிலைநாட்டிக் கல்லிலும் செம்பிலும் எழுதி வைத்தார்களேயன்றி, அவ்வுதவியை இப்படிச் செய்தல் வேண்டும், இப்படிச் செய்தலாகாது என்று கற்பிப்பதற்கு ஓர் ஆசிரியரையும் பாடத் திட்டத்தையும் பரீட்சையையும் ஏற்படுத்தினார்களில்லை. பரோபகாரம் பிறவிக் குணம், படித்து வருவதன்று என்பது அவர்களுடைய அபிப்பிராயமாக இருந்திருக்கலாம். இக்காலத்திலோ சமூகப்பணி, உளவள ஆலோசனை, சமுதாய மேம்பாடு என்ற பெயர்களோடு அது ஒரு கல்வியாகி, கிறிஸ்தவக் கலாசாலைகளிலும் பிற கலாசாலைகளிலும் பட்டம் வழங்கும் துறையாக வீற்றிருக்கிறது. இக்கல்வி நம் தேசத்திற்கு வந்து சேர்ந்த வரலாற்றை விசாரித்தால், சர்வகலாசாலையின் பெருவாயில் வழியாக அது நுழையவில்லை என்பதும், ஜனநெருக்கம் மிகுந்த ஒரு நகரப் பேட்டையிலும் பனைமரங்கள் சூழ்ந்த ஒரு கிராமச் சந்தியிலுமாக இரண்டு வேர்கள் அதற்கு உண்டு என்பதும், அவற்றுள் ஒன்றுதான் உரிய நீரும் எருவும் பெற்றுத் தழைத்தது என்பதும் விளங்கும்.

இவ்விரண்டுக்கும் முந்திய கதை மேலைநாட்டது. 1884-இல் லண்டனின் வொயிட்சாப்பல் என்னும் ஏழைப் பகுதியில், அங்கிருந்த ஆங்கிலத் திருச்சபைக் குருவான சாமுவேல் பார்னெட்டும் அவர் மனைவி ஹென்ரியெட்டாவும் டாயின்பீ ஹால் என்ற இல்லத்தைத் திறந்து, ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் படித்த வாலிபர்களை வறியவர் நடுவே வந்து வசிக்கும்படி அழைத்தார்கள். தர்மம் கொடுத்துவிட்டு மாளிகைக்குத் திரும்புவதன்று, அண்டை வீட்டாராக இருந்து அறிவதே கடமை என்பது அவர்கள் கொள்கை. அவ்வில்லத்தைப் பார்த்துத் திரும்பிய ஜேன் ஆடம்ஸ் என்ற அம்மையார் தம் தோழியாகிய எலன் ஸ்டாருடன் 1889-இல் சிகாகோவில் ஹல் ஹவுஸை நிறுவினார். பின்னர் இந்த நற்பணிக்கும் ஒரு சாஸ்திரம் வேண்டும் என்ற எண்ணம் வலுத்து, 1898-இல் நியூயார்க்கில் கோடைக்கால வகுப்பாகத் தொடங்கியது ஒரு பள்ளியாக வளர்ந்தது. 1917-இல் மேரி ரிச்மண்ட் ஒரு குடும்பத்தின் இடரை ஆராய்ந்தறியும் முறையைப் பெருநூலாக எழுதினார். 1920-இல் சிகாகோ சர்வகலாசாலை இக்கல்வியைத் தன்னுள் ஏற்றுக்கொண்டது. பக்தியிலே பிறந்த ஒரு காரியம் ஒரு தலைமுறைக்குள் பட்டதாரிகளின் தொழிலாகிவிட்ட வேகம் வியப்புக்குரியது. அதனால் ஊதியமும் உண்டு, இழப்பும் உண்டு.

அந்தச் சிகாகோ சர்வகலாசாலையில் பயின்றவரே கிளிஃபோர்டு மான்ஷார்ட். 1813 முதல் பம்பாயில் வேரூன்றியிருந்த அமெரிக்க மராத்தி மிஷனின் சார்பில் 1925-இல் இங்கு வந்த அவர், பைக்குல்லாவை அடுத்த நாக்பாடாவைத் தம் இருப்பிடமாகத் தேர்ந்துகொண்டார். முஸ்லிம்களும் யூதர்களும் கிறிஸ்தவர்களும் ஹிந்துக்களும் நெருங்கி வாழ்ந்த பகுதி அது. விலைமாதர் விடுதிகளுக்குப் பேர்போன காமாட்டிபுரம் பக்கத்திலேயே இருந்தது என்றால் அதன் இன்னல்களை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1926-இல் அங்கு எழுந்த நாக்பாடா நெய்பர்ஹுட் ஹவுஸில் வாசகசாலையும் வகுப்புகளும் விளையாட்டும் வைத்திய உதவியும் சொற்பொழிவுகளும் இருந்தன; வந்தவரை மதம் மாற்றும் நோக்கம் மாத்திரம் இல்லை. மிஷன் பணத்தில் நடக்கும் இல்லத்தில் மதமாற்றத்திற்கு இடமில்லை என்பது அக்காலத்து மிஷனரிகள் பலருக்கு உவப்பாக இருந்திராது என்று ஊகிக்கலாம். ஆனால் வேற்று மதத்தார் அஞ்சாமல் வாயிலேறி வந்ததற்கும், பிற்காலத்தில் பார்ஸிகளின் தர்மநிதி அவரை நம்பி வந்ததற்கும் இந்த ஒரு விரதமே அடிப்படை என்பது என் துணிபு. நாக்பாடா இன்றளவும் கூடைப்பந்தாட்டத்திற்குப் பேர்போன இடம் என்பதை அறிந்தவர்கள், பள்ளிப் படிப்பைவிட விளையாட்டு முற்றம் ஒரு பேட்டையை எவ்வளவு ஆழமாக மாற்றும் என்பதையும் எண்ணிப் பார்க்கலாம்.

1932-இல் பார்ஸித் தொழிலதிபராகிய ஸர் தோராப்ஜி டாடா காலமான பின், அவர் பெயரால் அமைந்த தர்மஸ்தாபனத்தின் பொறுப்பாளர்கள் சேரிகளில் ஏதேனும் பணி செய்ய விரும்பி மான்ஷார்ட்டின் யோசனையைக் கேட்டார்கள். அவர் இன்னொரு இல்லத்தை வேண்டவில்லை. இத்தகைய இல்லங்களை நடத்தத் தெரிந்தவர்களை உண்டாக்கும் பள்ளியை வேண்டினார். ஸேவைக்குப் பயிற்சி வேண்டும் என்ற எண்ணம் இங்கே முற்றிலும் புதிதன்று. கோகலே 1905-இல் நிறுவிய இந்திய ஊழியர் சங்கமும், 1911-இல் என். எம். ஜோஷி தொடங்கிய பம்பாய் சமூக ஸேவை லீகும் அவ்வழியில் முன்னே நடந்தவை. ஆயினும் பட்டதாரிகளைச் சேர்த்து இரண்டாண்டு முறையாகக் கற்பிக்கும் முதற் பள்ளி, 1936-இல் இருபது மாணாக்கர்களோடு நாக்பாடாவில் தொடங்கிய ஸர் தோராப்ஜி டாடா பட்டதாரிப் பள்ளியே. அடுத்த ஆண்டிலேயே அது குழந்தைகளின் மனக்குறைகளை ஆராயும் வழிகாட்டு நிலையமொன்றைத் திறந்தது. இந்தியாவில் உளவள ஆலோசனை என்ற தொழில் முதன்முதலாக ஒரு மேசையும் நாற்காலியும் பெற்ற இடம் அது எனலாம். 1940-இல் பள்ளி தன் பத்திரிகையை வெளியிட்டது. 1944-இல் டாடா சமூக விஞ்ஞான நிலையம் என்று பெயர் மாறிற்று. 1946-இல் பம்பாய் ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் மருத்துவ சமூகப்பணியாளர் ஒருவர் அமர்த்தப்பட்டார்.

இப்பள்ளியின் பாடத்தில் ஒரு குறை தொடக்கத்திலேயே குடியேறியது. நூல்கள் அமெரிக்கர் எழுதியவை. அந்நூல்கள் கண்முன் வைத்திருந்ததோ கப்பலில் வந்திறங்கிய குடியேறிகளும் தொழிற்சாலை வேலையும் தனித்தனிக் குடும்பங்களும் நிறைந்த அமெரிக்க நகரம். தனி மனிதன் ஒருவனை எதிரில் உட்கார வைத்து அவன் வாழ்க்கையை வினவி எழுதிக்கொள்ளும் முறை அங்கே பிறந்தது. நம் தேசத்திலோ வந்து உட்காருபவன் தனி மனிதனாக வருவதில்லை. ஜாதியும் கூட்டுக் குடும்பமும் கடனும் சொந்த ஊரும் அவன் பின்னாலேயே வந்து நிற்கின்றன. ஜனத்தொகையின் பெரும்பகுதி கிராமத்தில் இருக்க, பாடத்தின் பெரும்பகுதி நகரத்தில் இருந்தது.

1941-இல் மான்ஷார்ட்டுக்குப் பின் இப்பள்ளியின் தலைமையை ஏற்றவர் ஜே. எம். குமரப்பா என்பது தமிழர் பலர் அறியாத செய்தி. தஞ்சாவூர்க் கிறிஸ்தவக் குடும்பத்தினர். கார்னீலியஸ் என்ற குடும்பப் பெயரை விட்டு முன்னோர் பெயரைப் பூண்ட சகோதரர்களுள் ஒருவர். காந்தியப் பொருளாதாரத்தின் ஆசிரியராகக் கொண்டாடப்படும் ஜே. ஸி. குமரப்பா அவருடைய தம்பி. தம்பியார் 1929-30-இல் குஜராத் வித்யாபீடத்து மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கேடா ஜில்லாவின் மாதர் தாலுக்காவில் கிராமம் கிராமமாக வறுமையைக் கணக்கெடுத்தவர். 1934 முதல் வார்தாவில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தியவர். ஒரே இல்லத்தில் ஒரே வேதத்தைக் கேட்டு வளர்ந்த இருவருள் தமையனார் பம்பாயில் நகரத்தின் பாடத்தை நடத்த, தம்பியார் வார்தாவின் மகன்வாடியில் எண்ணெய்ச் செக்கையும் காகிதக் கூடத்தையும் பாடமாக்கினார். இவ்விரு பள்ளிகளும் ஒன்றையொன்று கொண்டும் கொடுத்தும் வளர்ந்திருந்தால் இக்கல்வியின் பிற்கால உருவம் வேறாக இருந்திருக்கும் என்று நினைக்கத் தோன்றுகிறது.

கிராமத்தின் பாடம் இல்லாமலில்லை. அது தெற்கே, அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த மார்த்தாண்டத்தில், சர்வகலாசாலையின் கண்ணுக்குப் படாமல் நடந்துகொண்டிருந்தது. அதற்கு வித்திட்டவர் சேலத்தில் 1876-இல் பிறந்து சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையில் பயின்ற கே. டி. பால். ஒய்.எம்.ஸி.ஏ.வின் தேசியப் பொதுக் காரியதரிசியாக 1916-இல் அமர்ந்த முதல் இந்தியரான அவர், அச்சங்கம் பட்டணத்து வாலிபர்களுக்கு மாத்திரம் உரியதன்று என்று வாதித்து, கூட்டுறவுக் கடன் சங்கங்களின் மூலம் அதைக் கிராமத்திற்கு இழுத்துச் சென்றார். அவ்வழியில் வந்த அமெரிக்கராகிய ஸ்பென்ஸர் ஹாட்ச் 1920-களில் மார்த்தாண்டத்தில் கிராம புனருத்தாரண நிலையத்தை வளர்த்தார். வங்காளத்து ஸ்ரீநிகேதனத்தில் ரவீந்திரநாத தாகூர் எல்ம்ஹர்ஸ்ட் என்ற ஆங்கிலேயரைக் கொண்டு அதே முயற்சியைத் தொடங்கிய காலமும் அதுவே.

மார்த்தாண்டத்து முறை மிக எளியது. எவருக்கும் எதையும் இனாமாகக் கொடுப்பதில்லை. தன் காரியத்தைத் தானே செய்துகொள்ள முன்வருபவனுக்கு, அத்தொழில் தெரிந்தவனின் யோசனை அவன் வீட்டு முற்றத்திலேயே கிடைக்கும்படி செய்வதுதான் நிலையத்தின் வேலை. காட்டுத் தேனடையைப் புகைபோட்டுக் கலைத்துக் கையால் பிழிந்து, மெழுகும் புழுவும் கலந்து விற்றுவந்த இடத்தில் மரப்பெட்டியில் தேனீ வளர்ப்பதும், அடையைச் சிதைக்காமல் சுழற்றித் தேனெடுப்பதும் கற்பிக்கப்பட்டன. கோழி வளர்ப்பவர்கள் முட்டை விற்பனைக்குச் சங்கம் கூடினார்கள். பனையேறுபவரின் கருப்பட்டி சுத்தமாகக் காய்ச்சப்பட்டது. இவற்றோடு ஆன்மா, அறிவு, உடல், சமூக உறவு, பொருள் ஆகிய ஐந்தும் ஒருங்கே வளர்ந்தாலன்றி எதுவும் நில்லாது என்ற கொள்கையும் இருந்தது. ஐந்தில் நான்கை மறந்துவிட்டுத் தேனை மாத்திரம் நினைவில் வைத்துக்கொண்டது உலக வழக்கம். மார்த்தாண்டத்துத் தேன் இன்றும் பெயர் பெற்றிருக்கிறது. அங்கு நடந்த பயிற்சிப் பள்ளிக்குப் பிற மாகாணங்களிலிருந்தும் ஊழியர்கள் வந்தார்கள். ஆனால் அவர்களுக்குப் பட்டமில்லை. பட்டமில்லாத கல்விக்கு நம் தேசத்தில் என்ன கதி நேரும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பின்னர் வந்தவை விரைவாக வந்தன. 1946-இல் ஒய்.டபிள்யூ.ஸி.ஏ. லக்னோவில் தொடங்கிய பள்ளி மறு வருஷமே தில்லிக்குச் சென்று அங்குள்ள சர்வகலாசாலையோடு சேர்ந்தது. சென்னையில் பிஷப் வாலரின் மனைவியார் 1923-இல் தொடங்கிய கில்ட் ஆப் ஸர்வீஸில் தொண்டாற்றிய பார்ஸிப் பெண்மணி மேரி கிளப்வாலா ஜாதவ் 1952-இல் சமூகப்பணிப் பள்ளியை நிறுவினார்; பின்னர்ச் சென்னையின் கிறிஸ்தவக் கலாசாலைகளும் இத்துறையை மேற்கொண்டன. 1957-இல் வேலூர்க் கிறிஸ்தவ வைத்தியக் கலாசாலை திறந்த மனநல நிலையத்தில் நோயாளியோடு அவர் குடும்பத்தாரும் உடன் தங்கினார்கள். வந்தவன் பின்னால் ஒரு குடும்பமே நிற்கிறது என்பதை மேசைக்கு இப்பால் உட்கார்ந்தவர்கள் ஒருவாறு ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அது. 1952 அக்டோபர் 2 அன்று அரசாங்கம் 55 இடங்களில் சமுதாய வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கிக் கிராமஸேவகர்களை அனுப்பியபோது, கிராமம் மீண்டும் பாடப்புத்தகத்தில் இடம்பெறலாயிற்று. ஆனால் அது வந்தது மார்த்தாண்டத்திலிருந்து அன்று, அரசாங்க இலாகாவிலிருந்து.

இன்று இத்துறையில் சேரும் மாணவர் வாரத்தில் இரண்டு நாள் களப்பணிக்குச் செல்கிறார். ஆஸ்பத்திரியிலோ குழந்தைகள் இல்லத்திலோ குடிசைப் பகுதியிலோ தாம் கண்டதையும் செய்ததையும் அறிக்கையாக எழுதி ஆசிரியரிடம் கொடுக்கிறார். ஆசிரியர் அவரைத் தனியே அழைத்து அதைப் பற்றி விவாதிக்கிறார். வகுப்பில் சொல்லும் எதையும்விட இந்த விவாதமே ஒருவரைச் சமூகப்பணியாளராக்குகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. நாக்பாடா விட்டுச்சென்ற நல்ல ஆஸ்தி அது. மார்த்தாண்டத்தின் பங்குக்கு ஊரக முகாம் என்று ஒன்று உண்டு. படிப்புக் காலத்தில் ஒரு வாரமோ பத்து நாளோ மாணவர்கள் ஏதேனும் ஒரு கிராமத்துப் பள்ளிக் கட்டடத்தில் தங்கி, தெருக்களைப் பெருக்கி, வீடு வீடாகக் கணக்கெடுத்து, இரவில் நாடகம் போட்டுவிட்டு, ஊர்ப் பெரியவர் ஒருவரின் நன்றியுரையோடு பஸ் ஏறிவிடுகிறார்கள்.