அடுகோடியில் அடைபட்ட காற்று

பெங்களூருவின் அடுகோடிப் பகுதியின் தொழில் வரலாறு பெரும்பாலும் மைக்கோவின் வரலாறுதான். 1951இல் தொடங்கப்பட்ட மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி என்ற மைக்கோ, இங்கே ஸ்பார்க் பிளக்கும் டீசல் எஞ்சின் பம்பும் தயாரித்தது. 2008இல் பெயர் பாஷ் ஆனது. உற்பத்தி பிடதிக்கு நகர, பழைய வளாகம் 2022இல் தொழில்நுட்ப வளாகமாகத் திறக்கப்பட்டது.

ஆலை அலுவலகமானாலும் காற்றை அழுத்தும் கம்ப்ரசருக்கு ஓய்வில்லை; கட்டடத்தின் நிலவறைக்குப் போய்விடுகிறது, அவ்வளவுதான். கோலார் தங்கவயலில் பாறை துளைத்த அதே அழுத்தக் காற்று, இத்தகைய கட்டடங்களில் ஏசி வால்வுகளைத் திறந்து மூடவும் பயன்படும்.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 31ஆம் பிரிவில், அழுத்தக் கலன்கள் பாதுகாப்பு வரம்பைத் தாண்டக்கூடாது என்றது. ஆனால் அது உற்பத்திக்கூடங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அழுத்தக் காற்றைச் சேமிக்கும் நிலவறைத் தொட்டியைக் கவனிப்பது பெரும்பாலும் பராமரிப்பு ஊழியரின் பழக்கத்தைப் பொறுத்தது.

காலையில் தொட்டியடி வால்வைத் திறந்தால் எண்ணெய் கலந்த துருநீர் சீறி வரும். காற்றிலிருந்த ஈரம்தான் அது, மழைக்காலத்தில் அதிகம். வடிக்காமல் விட்டால் தகடு உள்ளிருந்தே அரிக்கும், வெளிப்பூச்சு புதிதுபோல் மின்னும்போதே. பெங்களூரு சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்று ஏறத்தாழ 10 சதவீதம் அடர்த்தி குறைவு. அதே அளவு காற்றை நிரப்ப இயந்திரம் கூடுதல் நேரம் ஓடவேண்டும். பாதுகாப்பு வால்வின் வளையத்தை அவ்வப்போது இழுத்துப் பார்க்காவிட்டால் அது இறுகிவிடும்.

தொட்டியின் வலுவைச் சோதிக்கப் பொதுவாகக் காற்றை நிரப்புவதில்லை, தண்ணீரை நிரப்புகிறார்கள். தண்ணீர் கிட்டத்தட்ட அமுங்காது, தகடு பிளந்தாலும் கசிவோடு நின்றுவிடும்.