முகாம்னா கூட்டிப் பெருக்குவது மட்டும்தானா? 'சேவைவழிக் கற்றல்' என்றால் என்ன? டெல்டா மாணவர்களுக்கு இது ஏன் தேவை?

மண்வெட்டி, கூடை, கல்லூரி பேனர், கடைசியில் ஒரு குரூப் போட்டோ. என்.எஸ்.எஸ் முகாம்னு சொன்னதும் பலருக்கு நினைவுக்கு வருவது இதுதான். ஏழு நாள் முடிந்ததும் மாணவர்கள் பஸ் ஏறிவிடுவார்கள். சில மாதத்தில் அதே வாய்க்காலில் மறுபடியும் ஆகாயத்தாமரை மண்டிவிடும். சரி, அந்த ஏழு நாளில் மாணவர் என்னதான் கற்றுக்கொண்டார்? இந்தக் கேள்வியில்தான் 'சேவைவழிக் கற்றல்' தொடங்குகிறது. கல்வித்துறையில் இதை 'சர்வீஸ் லேர்னிங்' என்கிறார்கள்.

அப்படின்னா என்ன?

ரத்த தானம் செய்வது சேவை. ரத்தசோகை பற்றி வகுப்பில் படித்துவிட்டு, ஆரம்ப சுகாதார நிலைய செவிலியருடன் வீடு வீடாகப் போய், யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டு, கிடைத்ததை வகுப்பில் வைத்து விவாதித்தால் அது சேவைவழிக் கற்றல். செய்யும் வேலைக்கும் பாடத்துக்கும் தொடர்பு வேணும். அந்த வேலை ஊருக்கு உண்மையிலேயே தேவைப்படணும். முடிந்தபின் உட்கார்ந்து யோசிக்கணும். பெரும்பாலும் விட்டுப்போவது இந்தக் கடைசி விஷயம்தான்.

பலன் இருக்கா? 62 ஆய்வுகளை, அதாவது 11,837 மாணவர்களின் தரவுகளை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வு 2011-ல் வெளியானது. இப்படிப் படித்தவர்களுக்கு சமூக அக்கறை, பழகும் திறன், தன்னம்பிக்கை ஆகியவற்றோடு படிப்பிலும் முன்னேற்றம் தெரிந்தது. பாடத்தோடு இணைத்து, யோசிக்கவும் நேரம் கொடுத்த இடங்களில் பலன் இன்னும் கூடுதல்.

வெளிநாட்டுச் சரக்கா?

பெயர் மட்டும்தான். 1960-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ராபர்ட் சிக்மன், வில்லியம் ராம்சே ஆகியோர் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல் இது. ஆனா 1937-லேயே கைவேலையையும் படிப்பையும் பிரிக்கக்கூடாது என்று காந்தி வார்தாவில் 'நயி தாலிம்' திட்டத்தை முன்வைத்துவிட்டார். அந்த வழியில் வந்ததுதான் திண்டுக்கல் அருகே உள்ள காந்திகிராம கிராமிய நிறுவனம். டாக்டர் சௌந்தரம், ஜி.ராமச்சந்திரன் தம்பதியின் முயற்சியில் 1956-ல் தொடங்கி, 1976-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. மாணவர்கள் கிராமத்தில் தங்கிப் படிப்பது அங்கே பாடத்திட்டத்திலேயே உண்டு.

காந்தி நூற்றாண்டான 1969-ல், செப்டம்பர் 24 அன்று நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியபோது 37 பல்கலைக்கழகங்கள், 40,000 மாணவர்கள். 'எனக்காக அல்ல, உனக்காக' என்பது அதன் முழக்கம். நல்ல முழக்கம்தான். ஆனா அதில் 'கற்றல்' எங்கே என்று கேட்டால், அது கல்லூரிக்குக் கல்லூரி மாறும்.

திருப்பனந்தாளில் எப்படி இருக்கலாம்?

தொண்டு என்ற சொல் இந்த ஊருக்குப் புதுசு இல்லை. மன்னனின் யானைகளாலும் நிமிர்த்த முடியாத சிவலிங்கத்தை, கழுத்தில் கயிற்றைக் கட்டி இழுத்து குங்கிலியக்கலய நாயனார் நிமிர்த்தினார் என்பது இவ்வூர் கோயிலின் தலவரலாறு. காசி மடமும், தமிழ் படிக்கத் தேடி வரும் கல்லூரியும் இங்கேயே இருக்கின்றன. சுற்றிலும் வயல்.

அந்த வயலில்தான் பாடமும் இருக்கு. குறுவை அறுவடை நேரத்தில் வடகிழக்குப் பருவமழை வந்து நிற்கும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பத வரம்பு 17 சதவீதம். அதைத் தாண்டினால் நெல்லைத் திரும்பக் காயவைக்கணும், காத்துக் கிடக்கணும். வரம்பை 22 சதவீதமாக உயர்த்தச் சொல்லி டெல்டா விவசாயிகள் அடிக்கடி கேட்பது இதனால்தான். ஒரு வேதியியல் மாணவர் ஈரப்பதம் எப்படி அளக்கப்படுகிறது என்று கற்று, மூட்டை களத்துக்கு வரும் முன்பே விவசாயிக்கு அளந்து சொன்னால்? வணிகவியல் மாணவர் காத்திருந்த நாட்களுக்கான செலவைக் கணக்குப் போட்டால்? தமிழ் படிப்பவர் நடவுப் பாட்டையும், மறைந்துவரும் நெல் பெயர்களையும் பெரியவர்களிடம் கேட்டுப் பதிவு செய்தால்? மூன்றுமே ஊருக்குப் பயன்படும், மூன்றுமே தேர்வுக்கும் உதவும்.

வேளாண் மாணவர்கள் இதை ஏற்கெனவே செய்கிறார்கள். ஊரக வேளாண் பணி அனுபவத் திட்டத்தில் இறுதியாண்டு மாணவர்கள் கிராமத்தில் விவசாயிகளோடு இருந்து கற்கிறார்கள், அதற்கு மதிப்பெண்ணும் உண்டு. பக்கத்திலேயே ஆடுதுறையில் 1922-ல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கு. கலைக்கல்லூரி மாணவருக்கு மட்டும் வயல் ஏன் தூரமாக இருக்கணும் என்பதுதான் புரியவில்லை.

சிக்கலும் உண்டு

கூலி வாங்கிச் செய்ய வேண்டிய தூர்வாரும் வேலையை மாணவர்கள் இலவசமாகச் செய்தால், நஷ்டம் உள்ளூர்த் தொழிலாளிக்கு. வருஷா வருஷம் புதுசா ஒரு குழு வந்து அதே கேள்வித்தாளை நீட்டினால் ஊர்க்காரர்களுக்கும் சலிப்புதான். கணக்கெடுப்பின் முடிவை அவர்களிடமே திரும்பக் கொண்டுபோய்ச் சொல்வது குறைந்தபட்ச மரியாதை. அதையே பலரும் செய்வதில்லை.

சேர என்ன செய்யணும்?

உங்கள் கல்லூரியின் என்.எஸ்.எஸ் திட்ட அலுவலரைப் பாருங்கள். ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டில் 240 மணி நேரப் பணி, ஒரு ஏழு நாள் சிறப்பு முகாம். இவற்றை முடித்தால் சான்றிதழ் கிடைக்கும். முகாம் நடக்கும் ஊர் எது, அங்கே என்ன தேவை, அது எந்தப் பாடத்தோடு சேரும் என்பதை முகாமுக்கு முன்னாலேயே கேட்டுவிடுவது நல்லது.