மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ 40 சமசெற்றும்

யாழ்ப்பாணத் தீவகத்தின் போக்குவரத்து வரலாறு நெடுங்காலம் தோணியின் வரலாறாகவே இருந்தது. பண்ணைத் தாம்போதி வேலணைத் தீவையும், அதற்கப்பால் மற்றொரு தாம்போதி புங்குடுதீவையும் குடாநாட்டோடு பிணைத்த பின்னரே, ஊர்காவற்றுறைக்கும் குறிகாட்டுவான் இறங்குதுறைக்கும் மோட்டார் வண்டி தரைவழியே செல்லலாயிற்று. நயினாதீவும் நெடுந்தீவும் இன்றும் கடலையே வழியாகக் கொண்டுள்ளன. யாழ்ப்பாணத் தெருக்களில் நெடிது உழைத்த ஆங்கில வண்டிகளுள் இரண்டினை ஈண்டு ஒப்புநோக்குவாம்.

மொறிஸ் மைனர் 1948ஆம் ஆண்டில் இலண்டன் மோட்டார்க் கண்காட்சியில் வெளிவந்தது. அதனை அமைத்தவர் அலெக் இசிகோனிஸ். மாதிரி வண்டி ஒடுங்கித் தோன்றவே, அதனை நெடுக்காகப் பிளந்து நான்கு அங்குலம் அகலமாக்கினார் என்பர். முதல் வண்டியில் 918 கன சென்ரிமீற்றர் கொண்ட பக்கவால்வு எஞ்சின் இருந்தது. அதன் ஆற்றல் ஏறத்தாழ 27 குதிரைவலு. முன் பின் அச்சுகளுக்கிடையே 86 அங்குலம். உடலும் சட்டகமும் ஒன்றாகவே இணைந்தவை.

ஒஸ்ரின் ஏ 40 சமசெற் 1952 முதல் 1954 வரை செய்யப்பட்டது. அதன் மேல்வால்வு எஞ்சின் 1200 கன சென்ரிமீற்றர். ஆற்றல் 42 குதிரைவலு. அச்சிடைத் தூரம் 92½ அங்குலம். தனிச் சட்டகத்தின்மேல் உடல் பொருத்தப்பட்டது. கியர்த்தடி சுக்கான் தண்டிலேயே அமைந்தமையின் முன்னிருக்கையின் நடுவிடம் தடையற்றிருந்தது.

1952இல் இரு நிறுவனங்களும் ஒன்றாயின. அதன் பயனாக ஒஸ்ரினின் 803 கன சென்ரிமீற்றர் எஞ்சின் மைனருக்குள் புகுந்தது. 1956இல் அது 948 ஆகவும், 1962இல் 1098 ஆகவும் வளர்ந்தது. போட்டியாளனின் நெஞ்சே மைனரை வாழ்வித்தது எனலாம்.

பெற்றோற் சிக்கனத்தில் மைனரே மேம்பட்டது. ஆட்பாரமும் பொருட்பாரமும் ஏற்றி ஓடும் வாடகை வண்டிக்கோ சமசெற்றின் வலு உகந்தது. உப்புக்காற்று வீசும் தீவகத்தில் இன்னொரு வேற்றுமையும் கருதற்பாலது. மைனரின் அடித்தகட்டைத் துரு அரித்தால் வண்டியின் உறுதியே குலையும். சமசெற்றின் உடல் அரிபட்டாலும் கனத்த சட்டகம் தாங்கி நிற்கும்.

அறுபதுகளின் இறக்குமதிக் கட்டுப்பாடு புதிய வண்டிகளை அரியனவாக்கியது. 1977இல் அக்கட்டுப்பாடு தளரும்வரை, உள்ளவற்றைப் பேணுதலே வழியாயிற்று. 1990இல் குடாநாட்டின்மீது பொருளாதாரத் தடை இறுகியபோது பெற்றோல் கிடைத்தற்கரியதாயிற்று. அப்பொழுது சிறிதளவு பெற்றோலால் எஞ்சினை இயக்கிப் பின் மண்ணெண்ணெயில் ஓட்டினர். இது இயன்றமைக்குக் காரணம் உண்டு. ஐம்பதுகளின் தொடக்கத்து எஞ்சின்களில் அமுக்க விகிதம் ஏழுக்கு ஒன்று என்ற அளவினதே. ஆதலின் தரங்குறைந்த எரிபொருளையும் அவை ஓரளவு பொறுத்தன. உயர்ந்த அமுக்கமுடைய புதிய எஞ்சின்கள் அவ்வாறு பொறா.

விற்பனைத் தாளில் குறையெனத் தோன்றிய எளிமையே இடர்க்காலத்தில் நோயாளரையும் முதியோரையும் சுமந்து சென்றது. வேகத்தையும் வலுவையும் எண்களால் அளக்கலாம். பழுதுபார்த்து மீண்டும் ஓட்டத்தக்க தன்மையோ காலத்தால் மட்டுமே அளக்கப்படும். அவ்வளவையில் இவ்விரு வண்டிகளும் ஒன்றுக்கொன்று தாழ்ந்தன அல்ல.