முத்துக்குளித்துறையில் சிறுவர் மறைக்கல்வி

தூத்துக்குடி, மணப்பாடு, புன்னைக்காயல் முதலிய ஊர்களை உள்ளடக்கிய கடலோரப் பகுதி முத்துக்குளித்துறை எனப்படும். 16ஆம் நூற்றாண்டில் இங்கு கத்தோலிக்க மறைக்கல்வி பெரும்பாலும் சிறுவர் வழியாகவே வீடுகளுக்குள் சென்றது. பெற்றோர் பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுப்பதே வழக்கம். இங்கே பிள்ளைகள் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்தனர்.

முத்துக்குளிப்பு உரிமை பற்றிய மோதலில் போர்த்துக்கீசரின் பாதுகாப்பை நாடிய பரதவர், 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் பெருந்திரளாகத் திருமுழுக்குப் பெற்றனர். அதன்பின் அவர்களுக்குக் கற்பிக்க ஆளில்லை. 1542இல் வந்த பிரான்சிசு சவேரியார், தாம் கிறித்தவர் என்பதற்கு மேல் அம்மக்களுக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை என்று எழுதினார்.

சவேரியாருக்கும் தமிழ் தெரியாது. இருமொழி அறிந்தவர்களைக் கொண்டு சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், கற்பனைகள், கர்த்தர் கற்பித்த செபம், மங்கள வார்த்தை ஆகியவற்றைத் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். பிறகு கைமணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாகச் சென்று சிறுவர்களைக் கூட்டினார். நாள்தோறும் இருமுறை, ஒரு மாதம் இப்படிக் கற்பித்து, கற்றதை வீட்டாருக்கும் அயலாருக்கும் சொல்லிக்கொடுக்கும்படி அனுப்பினார். நோயாளிகளின் வீடுகளுக்குச் சென்று செபம் சொல்லவும் சிறுவர்களே அனுப்பப்பட்டனர்.

அந்த முதல் மொழிபெயர்ப்பில் பிழை இருந்தது. விசுவாசப் பிரமாணத்தில் 'விசுவசிக்கிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் 'எனக்கு வேணும்' என்றிருந்தது. 1544இல் உடன் பணியாளர் மான்சிலாசுக்கு எழுதிய கடிதத்தில் சவேரியார் இதைத் திருத்தச் சொன்னார். அதுவரை பிள்ளைகள் வீட்டில் ஒப்பித்தது அந்த 'வேணும்' தான்.

இம்முறைக்குக் கடுமையான ஒரு பக்கமும் உண்டு. வீட்டில் பழைய தெய்வ வழிபாடு நடந்தால் பிள்ளைகள் வந்து சொன்னதையும், அவர்களோடு சென்று சிலைகளை உடைத்ததையும் சவேரியார் மகிழ்ச்சியோடு பதிவு செய்கிறார். கடிதம் எழுதியவர் அவர். பெற்றோர் அல்லர் என்பதை நினைவில் கொண்டே அதைப் படிக்க வேண்டும்.

ஒருவரே எல்லா ஊர்களிலும் தங்கிக் கற்பிக்க இயலாது. எனவே ஊருக்கு ஒரு கணக்கப்பிள்ளை அமர்த்தப்பட்டார். சிறுவர்களுக்குச் செபம் கற்பிப்பது அவருடைய முதன்மைப் பணி. அவர்களின் ஊதியத்துக்காக, போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென இக்கரையிலிருந்து சென்ற பணத்தைச் சவேரியார் கேட்டுப் பெற்றார்.

மனப்பாடத்திலிருந்து நூலுக்கு வழிவகுத்தவர் அண்டிரிக் அடிகளார். தமிழை முறையாகக் கற்ற இவர் உருவாக்கிய 16 பக்கத் 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சானது. இந்திய மொழி எழுத்துகளில் இந்தியாவில் அச்சேறிய முதல் நூல் அதுவே. அதற்குப் பரதவர் பொருளுதவி செய்தனர். மறு ஆண்டு கொச்சியில் வெளிவந்த 'கிரீசித்தியானி வணக்கம்' வினாவிடையாக அமைந்தது. ஒப்பித்தலோடு நின்றிருந்த பிள்ளை, இப்போது கேள்விக்கு விடை சொல்ல வேண்டியதாயிற்று.

கணக்கப்பிள்ளையின் பணி பிற்காலத்தில் வேதியர், உபதேசியார் என்னும் பெயர்களில் தொடர்ந்தது. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் இவர்களுக்காகவே 'வேதியர் ஒழுக்கம்' என்னும் உரைநடை நூலை எழுதினார்.