நாய் உருளைப்புழு

நாய் உருளைப்புழு (டாக்சோகாரா கேனிஸ்) நாயின் சிறுகுடலில் வாழும் ஒட்டுண்ணி. வெளிர் மஞ்சள் நிறமுடையது. பெண்புழு 18 செ.மீ. வரை நீளும். குடலில் புழு மிகுந்த குட்டிக்கு வயிறு உப்பியிருக்கும், ரோமம் பொலிவிழக்கும். சில வேளை அது எடுக்கும் வாந்தியில் இடியாப்ப இழைகளைப் போலப் புழுக்கள் சுருண்டு விழும். இந்தப் புழு மனிதருக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, உண்டாக்கும் நோய் டாக்சோகாரா நோய் எனப்படுகிறது.

1782இல் வெர்னர் என்ற ஆய்வாளர் இந்த இனத்தை விவரித்துப் பெயரிட்டார். அதன் பிறகு ஏறத்தாழ 170 ஆண்டுகள் இது நாய்க்குட்டிகளின் நோயாக மட்டுமே கருதப்பட்டது. அதற்குக் காரணம் புழுவின் வாழ்க்கை முறையிலேயே இருக்கிறது. குடற்புழு நோய்களை மருத்துவர்கள் மலத்தில் முட்டையைத் தேடித்தான் கண்டறிந்து வந்தனர். ஆனால் இந்தப் புழு மனித உடலில் ஒருபோதும் முதிர்வதில்லை. ஆகவே முட்டையும் இடுவதில்லை. விழுங்கப்பட்ட முட்டையிலிருந்து வெளிவரும் லார்வா அரை மில்லிமீட்டர் நீளம்கூட இருக்காது. அது குடற்சுவரைத் துளைத்து இரத்தத்தில் கலந்து கல்லீரல், நுரையீரல், மூளை, கண் எனத் திசுக்களில் அலைகிறது. நோயாளியின் மலத்தை எத்தனை முறை சோதித்தாலும் எதுவும் அகப்படாது. விலங்குப் புழுக்களின் லார்வாக்கள் மனிதத் திசுக்களிலும் இப்படி அலையக்கூடும் என்று ஹாம்பர்க் நகரின் ஆய்வாளர் ஃபியூலபோர்ன் 1920களிலேயே சுட்டிக்காட்டினார். அதை மருத்துவ உலகம் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் சான்று கண் நோயியலில் கிடைத்தது. குழந்தைகளின் விழிக்குள் வெண்மையான கட்டி தென்பட்டால், உயிரைப் பறிக்கும் விழித்திரைப் புற்றுநோயாக இருக்கலாம் என அஞ்சிக் கண்ணையே அகற்றுவது அந்நாளைய வழக்கம். அமெரிக்க நோயியல் அறிஞர் ஹெலனர் வைல்டர் அவ்வாறு அகற்றப்பட்ட கண்களையும் உள்ளடக்கிய 46 குழந்தைக் கண்களை மெல்லிய சீவல்களாக்கி, ஒவ்வொன்றாக நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். அவற்றுள் 24 கண்களில் இருந்தவை புழு லார்வாக்களோ அவற்றின் எச்சங்களோதான். இதை அவர் 1950இல் வெளியிட்டார். புற்றுநோயே இல்லாத குழந்தைகளும் கண்ணை இழந்திருக்கிறார்கள் என்பது அந்தச் சீவல்களில் தெரிந்தது. இந்நோயின் வரலாற்றில் இதைவிடத் துயரமான பக்கம் இல்லை. கண்களில் கண்ட லார்வாக்களை வைல்டர் கொக்கிப்புழுவினுடையவை என்று எண்ணினார். 1956இல் நிக்கோல்ஸ் என்ற ஆய்வாளர் வைல்டர் வைத்திருந்த சீவல்கள் சிலவற்றை மறுபடி ஆராய்ந்து, அவை நாய் உருளைப்புழுவின் லார்வாக்களே என நிறுவினார்.

இதற்கிடையே 1952இல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் பால் பீவரும் அவருடைய குழுவினரும் மூன்று குழந்தைகளின் நோயை விவரித்தனர். மூவருக்கும் கல்லீரல் வீங்கியிருந்தது. இரத்தத்தில் இயோசினோஃபில் எனப்படும் வெள்ளையணுக்கள் அளவுகடந்து பெருகியிருந்தன. கல்லீரல் திசுவில் லார்வாவே சிக்கியது. உள்ளுறுப்புகளில் லார்வா அலையும் இந்நிலைக்குப் பீவர் இட்ட பெயரே இன்றும் மருத்துவத்தில் வழங்குகிறது. மண் தின்னும் பழக்கமுள்ள குழந்தைகளிடம் இது மிகுதி என்பதும் விரைவில் தெளிவாயிற்று.

நாயிடம் புழு எப்படித் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது என்பதை 1950களின் இறுதியில் ஸ்ப்ரெண்ட் முதலியோரின் ஆய்வுகள் விளக்கின. வளர்ந்த நாய் விழுங்கும் முட்டைகளிலிருந்து வரும் லார்வாக்களில் பெரும்பாலானவை குடலில் புழுவாகாமல் தசைகளில் உறங்கிக் கிடக்கும். பெட்டை நாய் சினையானதும் அவை விழித்துக் கருவிலுள்ள குட்டிகளுக்குள் புகுகின்றன. பிறந்த பின் தாய்ப்பால் வழியாகவும் செல்கின்றன. அதனால் கண் திறந்து சில நாட்களே ஆன குட்டியின் குடலிலும் புழு இருக்கும். மூன்று, நான்கு வாரங்களில் அதன் மலத்தில் முட்டைகள் வெளியேறத் தொடங்கும். ஒரு பெண்புழு நாளொன்றுக்கு ஓர் இலட்சத்துக்கும் மேல் முட்டையிட வல்லது.

புதிய மலத்திலுள்ள முட்டை நோயைப் பரப்பாது. ஈரமும் வெப்பமும் உள்ள மண்ணில் இரண்டு வாரங்களோ அதற்கு மேலோ கிடந்து, உள்ளே லார்வா உருவான பிறகே அது ஆபத்தானதாகிறது. தடித்த ஓடு காப்பதால் பல ஆண்டுகள்கூட மண்ணில் உயிரோடிருக்கும். சாதாரணக் கிருமிநாசினிகளும் அதை எளிதில் அழிப்பதில்லை. ஆகவே நாயைத் தொட்டுக் கொஞ்சுவதைவிட, நாய் மலம் கழித்த மணலில் விளையாடிய கையை வாயில் வைப்பதே பெரும்பாலும் நோய்க்கு வழி. கழுவாத கீரை வழியாகவும், விலங்குகளின் ஈரலை வேகவைக்காமல் உண்பதாலும் தொற்று ஏற்படும்.

பெரும்பாலானோருக்கு எந்த அறிகுறியும் தோன்றுவதில்லை. சிலருக்குக் காய்ச்சல், இருமல், இழுப்பு, வயிற்றுவலி வரும். கண்ணில் ஒரே ஒரு லார்வா தங்கினாலும் பார்வை பறிபோகலாம். 1975இல் டி சாவினி என்ற ஆய்வாளர் லார்வாக்களை ஆய்வகத்தில் உயிரோடு வைத்து அவற்றின் சுரப்புகளைச் சேகரிக்கும் முறையைக் கண்டார். அதிலிருந்து இந்நோயைக் கண்டறிய உதவும் எலைசா இரத்தப் பரிசோதனை உருவானது. முன்பு எப்போதோ ஏற்பட்ட தொற்றையும் அது காட்டுமாதலால், அதன் முடிவை மட்டும் வைத்து நோயை உறுதிசெய்வதில்லை. உள்ளுறுப்பு நோய்க்கு ஆல்பெண்டசோல் தரப்படுகிறது. கண்ணில் அழற்சியைத் தணிக்க ஸ்டீராய்டு மருந்துகள் முதன்மையானவை.

தடுப்பின் மையம் நாய்க்குட்டியே. பிறந்த இரண்டாம் வாரத்தில் தொடங்கி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குடற்புழு நீக்க மருந்து கொடுக்க வேண்டும். பைரண்டெல், ஃபென்பெண்டசோல் ஆகியவை வழக்கமானவை. தாய்க்கும் அதே காலத்தில் மருந்து தர வேண்டும். வழக்கமான அளவு மருந்து தசைகளில் உறங்கும் லார்வாக்களை ஒழிக்காததால், அடுத்த ஈற்றுக் குட்டிகளுக்கும் இதே முறையை முதலிலிருந்து பின்பற்ற வேண்டியிருக்கிறது.