துரோகில்லியத்தில் ஓர் இரவு

கப்பல் ஓர் இரவு மட்டும் தங்கிச் சென்ற சிறு துறைகளை வரலாறு பெரும்பாலும் பெயர் சொல்லி நினைவில் வைப்பதில்லை. தூய லூக்கா இதற்கு விதிவிலக்கு. திருத்தூதர் பணிகள் நூலின் 20-ஆம் அதிகாரத்தில், 13 முதல் 16 வரையுள்ள வசனங்கள் மாலுமியின் நாள்குறிப்பை ஒத்திருக்கின்றன. துரோவாவிலிருந்து ஆசோ, அங்கிருந்து மித்திலேன், மறுநாள் கீயு தீவுக்கு எதிரே, அதற்கடுத்த நாள் சாமு, பின்னர் மிலேத்து. இங்கே புதுமையும் இல்லை, மறையுரையும் இல்லை. நமது திருப்பலி வாசக நூலும் இவ்வசனங்களைத் தாண்டி, 17-ஆம் வசனத்தில்தான் தொடங்குகிறது.

காலம், கி.பி. 57-ஐ ஒட்டிய வசந்தம். நம் முன்னோர் சின்னப்பர் என்று அழைத்த பவுல் எருசலேமுக்கு விரைகிறார். மக்கெதோனியா, அக்காயா சபைகள் எருசலேமின் ஏழை இறைமக்களுக்கெனத் திரட்டிய காணிக்கையை அங்கே சேர்க்க வேண்டும். லூக்கா அதை இவ்விடத்தில் குறிப்பிடவில்லை. கொரிந்தியருக்கும் உரோமையருக்கும் பவுல் எழுதிய மடல்களே அதனை நமக்குத் தெரிவிக்கின்றன. ஆனால் உடன்சென்ற எழுவரின் பெயர்களை லூக்கா ஊர்வாரியாகத் தருகிறார். சபைகள் அக்காணிக்கைக்குப் பொறுப்பாக அனுப்பியவர்கள் அவர்கள் என்று அறிஞர் பலர் கருதுவது பொருத்தமாகவே தோன்றுகிறது. கிரேக்க நாட்டில் கப்பலேற இருந்த வேளையிலேயே பவுலுக்கு எதிராகச் சூழ்ச்சி நடந்திருந்தது. எனவே, அறியாத துறையில் கழியும் ஒவ்வோர் இரவும் அவர்களுக்கு விழித்திருக்க வேண்டிய இரவாகவே இருந்திருக்கும்.

அவசரம் இருந்தும் கப்பல் ஏன் இரவில் ஓடவில்லை? சிற்றாசியக் கரையோரம் தெற்கு நோக்கிச் செல்லும் பாய்க்கப்பலுக்கு வடகாற்றே துணை. அக்காற்று பெரும்பாலும் பகலில் வலுத்து, அந்தியில் தணியும். தீவுகளும் பாறைகளும் நெருங்கிய கடலில் இருட்டில் கப்பல் ஓட்டத் துணிபவர் இல்லை. நிலவும் உதவவில்லை என்பதை லூக்காவின் கணக்கைக் கொண்டே அறியலாம். பாஸ்கா, முழுநிலவில் வருவது. புளிப்பற்ற அப்ப விழா நாள்கள் முடிந்த பின்னரே அவர்கள் பிலிப்பியை விட்டுப் புறப்பட்டார்கள். துரோவா சேர ஐந்து நாள். அங்கே தங்கியது ஏழு நாள். ஆக, சாமுவை நெருங்கியபோது வானில் இருந்தது சில நாள் வயதான இளம்பிறை. முன்னிரவிலேயே மறைந்துவிடும் பிறை அது. கடலோரப் பங்குகளில் வாழும் நம் மக்களுக்கு இக்கணக்கை விளக்க வேண்டியதில்லை.

சாமுவுக்கும் மிலேத்துவுக்கும் இடையிலேதான் நான் சொல்லவந்த துறை இருக்கிறது. பெசா சுவடியிலும் பிற்காலப் பைசாந்தியச் சுவடிகள் பலவற்றிலும், சாமுவைத் தொட்டபின் அவர்கள் துரோகில்லியத்தில் தங்கியதாக ஒரு சிறு தொடர் காணப்படுகிறது. நான்காம் நூற்றாண்டின் வத்திக்கான் சுவடியிலும் சீனாய்ச் சுவடியிலும் அது இல்லை. ஆகவேதான் விவிலியச் சங்கத்தாரின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அவ்வூர்ப் பெயர் இருக்கிறது. நமது பொது மொழிபெயர்ப்பின் பாடத்தில் இல்லை.

துரோகில்லியம், மிக்காலே மலை கடலுக்குள் நீட்டிய முனை. கி.மு. 479-இல் பாரசீகரைக் கிரேக்கர் முறியடித்தது இம்மலையடியில்தான். முனைக்கும் சாமுத் தீவுக்கும் இடையிலுள்ள நீரிணை, மிகக் குறுகிய இடத்தில் இரண்டு கிலோமீட்டர் அகலம்கூட இல்லாதது. முனைக்குக் கிழக்கே கப்பல் ஒதுங்கத்தக்க இடம் ஒன்றைப் பழைய விவிலிய அகராதிகள் ‘தூய பவுல் துறை’ என்றே குறித்து வைத்திருக்கின்றன.

சுவடிகளின் பழமையை நோக்கினால் இத்தொடர் மூலப் பாடத்தைச் சேர்ந்ததன்று எனப் பெரும்பாலான அறிஞர் முடிவு செய்ததில் வியப்பில்லை. நானும் அதை மறுக்கவில்லை. ஆயினும் பின்னாளில் ஒருவர் இதைச் சேர்த்திருந்தால், அவர் அந்தக் கடலை அறிந்தவர். சாமுவைத் தொட்டு மறுநாள் மிலேத்து என்று வாசித்ததும், அன்றிரவு கப்பல் எங்கே நின்றது என்று அவர் மனம் கேட்டிருக்கிறது. திருத்தூதர் உறங்கிய இடம் விடுபடக்கூடாது என எண்ணிய அந்த முகமறியாத எழுத்தர்மீது எனக்குத் தனி அன்பு உண்டு. இறையியல் வாதங்களுக்காகப் பாடத்தில் கைவைத்தவர்களைப் பற்றி நிறையப் படித்திருக்கிறோம். இவர் சேர்த்ததோ ஒரு நங்கூரத் துறை!

அந்த இரவுக்கு வேறொரு கனமும் உண்டு. கீயுவிலிருந்து சாமுவுக்கு வரும் வழியில், இடப்புற வளைகுடாவின் கரையில் எபேசு இருந்தது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் பவுல் கண்ணீரோடு உழைத்த சபை அது. பெந்தக்கோஸ்து நாளில் கூடுமானால் எருசலேமில் இருக்க வேண்டும் என்பதற்காக, அங்கே இறங்காமல் கடந்து செல்வதென முடிவெடுத்திருந்தார். இறங்கினால் எளிதில் விடமாட்டார்கள். அன்பர்கள் வாழும் ஊரை விலக்கிவிட்டு, அறிமுகமற்ற முனையோரம் இரவைக் கழிப்பது கடமையின் பொருட்டு ஏற்ற துறவு. ஆனால் அம்முடிவை அவரால் முழுமையாகத் தாங்க முடியவில்லை போலும்! மிலேத்து சேர்ந்ததும் எபேசுக்கு ஆளனுப்பி மூப்பர்களை வரவழைத்தார். 50 கிலோமீட்டருக்குக் குறையாத வழி அது. ஆள் போய், அவர்கள் வந்துசேர, மிச்சப்படுத்திய நாள்களில் சில செலவாகியிருக்கும்.

இன்று மிலேத்துவில் கப்பல் ஒதுங்க இயலாது. மேயாந்தர் ஆறு கொணர்ந்த வண்டல் வளைகுடாவைத் தூர்த்துவிட்டது. துறைமுக வாயிலைக் காத்த கற்சிங்கங்கள் கடலை விட்டு வெகு தொலைவில், சதுப்பு நிலத்தில் கிடக்கின்றன. அத்துறையில்தான் மூப்பர்கள் பவுலின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். இனித் தம் முகத்தைக் காணமாட்டீர்கள் என்று அவர் சொன்னதே அவர்களை மிக வாட்டியது. பின்னர் அவரைக் கப்பல்வரை கொண்டுபோய் விட்டார்கள். கப்பல் நேரே கோசுத் தீவுக்குச் சென்றது. மறுநாள் ரோது, அங்கிருந்து பத்தரா. பத்தராவில், பெனிசியாவுக்குப் போகும் கப்பல் ஒன்றைக் கண்டு அதில் மாறி ஏறினார்கள்.