கட்டுமரத்துக்கு மோட்டார் வந்த கதை

'கேட்டமரான்' என்றதும் பலருக்கு இரட்டை உடல் கொண்ட சொகுசுப் படகுதான் நினைவுக்கு வரும். ஆனால் அந்தச் சொல் நம்முடைய கட்டுமரம்தான்! ஆங்கில மாலுமி வில்லியம் டாம்பியர், சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைப் பற்றி 1697ல் வெளியான தன் பயண நூலிலேயே எழுதிவிட்டார். இரட்டை உடல் படகுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது பிறகுதான்.

1991 வரை தஞ்சை மாவட்டத்தில் இருந்த நாகப்பட்டினக் கரையில், நிஜக் கட்டுமரம் என்பது இலேசான மரங்களைக் கயிற்றால் வரிந்து கட்டியது, அவ்வளவுதான். மேலே விழும் அலை இடுக்கு வழியே வடிந்துவிடும். கரையேறியதும் கயிற்றை அவிழ்த்து மரங்களைக் காயப்போடலாம்.

இதில் மோட்டார் மாட்டுவது சுலபமல்ல. கரையோர அலையில் விசிறி மணலில் இடிக்காமல் தூக்கியாக வேண்டும். ஆனாலும் மாட்டி ஓட்டினார்கள் மீனவர்கள். 1979ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய ஐ.நா.வின் வங்காள விரிகுடா மீன்வளத் திட்டமும், அலையைத் தாண்டிக் கரையேறும் மோட்டார் படகுகளைச் சோதித்துப் பார்த்தது.

2004 டிசம்பர் 26ல் வந்த சுனாமி ஏராளமான கட்டுமரங்களை அழித்தது. பதிலுக்கு இன்ஜின் பொருத்திய ஃபைபர் படகுகள் நிவாரணமாக வந்து குவிந்தன. வேகம் கூடியது, தூரம் கூடியது. கூடவே டீசல் செலவும் கூடியது. கட்டுமரத்துக்குத் தேவைப்பட்டதோ கயிறும் காற்றும் துடுப்பும்தான்!

இன்று பெயர் உலகமெல்லாம் மிதக்கிறது. மரம்தான் நம் கரையில் அரிதாகிவிட்டது.